பத்து ரூபாய் தராத பிள்ளைகளின் படம்



நீளமான பதிவு. அடுப்பில் பால் இருந்தால் இறக்கிவைத்துவிட்டு வந்து படியுங்கள். போன வாரம் ஆற்றங்கரைப் படம் போட்டபோது, "டீச்சர், இந்த வயசுல இவ்வளவு நல்லா எடுக்கீங்களே, என்ன போன்? என்ன ஆப்?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்தப் பதிலைச் சொல்ல வேண்டுமென்றால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரண்டு வருஷமாக மனதில் கிடப்பது. அதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. என் படங்களுக்குக் காரணம் போன் அல்ல. நம் ஊர் ஸ்டூடியோ அண்ணாச்சி.

ஸ்ரீவைகுண்டத்தில் படித்த யாருக்கும் அண்ணாச்சியைத் தெரியாமல் இருக்காது. ஹால் டிக்கெட்டுக்குப் பாஸ்போர்ட் சைஸ் எடுக்கப் போனால், மர ஸ்டூலில் உட்காரவைத்து நாடியைப் பிடித்து ஒரு நூல் திருப்பி, "மூச்ச விடாதலே" என்பாரே, அவரேதான். இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார். காது கொஞ்சம் மந்தம். கண் மட்டும் அப்படியே இருக்கிறது.

முப்பத்திரண்டு வருஷம் நான் அறிவியல் நடத்தினேன். ஊசித்துளைக் கேமராவைக் கரும்பலகையில் எத்தனை தடவை வரைந்திருப்பேன் என்று கணக்கே இல்லை. மெழுகுவர்த்தி ஒரு பக்கம், தலைகீழ் பிம்பம் மறுபக்கம். ஆனால் 2014-ல் ஓய்வு பெறும் நாள் வரை நான் ஒரு படம்கூட எடுத்தவள் இல்லை. வீட்டில் 'கிளிக் 3' கேமரா ஒன்று இருந்தது. அது என் கணவரின் சொத்து, தொட விடமாட்டார். ஒளி நேர்கோட்டில் செல்லும் என்று பிள்ளைகளுக்குச் சொன்னேனே தவிர, ஒளி ஒரு முகத்தில் எப்படி விழுகிறது என்று நின்று பார்த்ததில்லை.

ஓய்வுக்குப் பிறகு மகன் போன் வாங்கிக் கொடுத்தான். பூ, கோலம், பேரன், கொழுக்கட்டை என்று எடுத்துத் தள்ளினேன். ஒரு நாள் அண்ணாச்சியிடம் பெருமையாகக் காட்டினேன். எல்லாவற்றையும் பொறுமையாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, "டீச்சர், நீங்க ஆளத்தான் பாக்கீய. வெளிச்சத்தப் பாக்கல. வெளிச்சம் எங்கேருந்து வருதுன்னு மொதல்ல பாருங்க. அப்புறம் ஆளப் பாருங்க" என்றார். என் ஐம்பத்தெட்டு வயதில் எனக்குக் கிடைத்த முதல் பௌதிகப் பாடம் அது.

அன்றிலிருந்து சனிக்கிழமை காலை நாங்கள் இரண்டு பேரும் நடக்கப் போவது வழக்கமாகிவிட்டது. கீழ் வானம் வெளுக்கும்போது அணைக்கட்டுப் பக்கம் போவோம். தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு நம்முடையது. நீர்க்காகங்கள் கல்லின் மேல் இறக்கையை விரித்து வெயிலுக்குக் காட்டிக்கொண்டு நிற்கும். அவற்றைப் போனில் எடுக்க முடியாது, பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாகிவிடும் என்று அண்ணாச்சிதான் சொன்னார். "தூரத்துப் பறவ ஒங்களுக்கு வேண்டாம். பறவ ஒக்காந்திருக்க ஆத்த எடுங்க, பறவ அதுல சின்னதா இருக்கட்டும்." அப்படி எடுத்ததுதான் நீங்கள் எல்லாரும் பாராட்டிய படம்.

கள்ளபிரான் கோயிலில் சித்திரையிலும் ஐப்பசியிலும் குறிப்பிட்ட நாளில் காலை வெயில் பெருமாள் மேல் விழும் என்பது உங்களுக்குத் தெரியும். உள்ளே படம் எடுக்கக் கூடாது, நாங்களும் எடுத்ததில்லை. ஆனால் அந்த வெயிலுக்கு வழிவிடுவதற்காகக் கொடிமரத்தைச் சற்று விலக்கி நட்டிருக்கிறார்கள் என்று ஊரில் சொல்வார்களே, அதை அண்ணாச்சி அடிக்கடி சொல்லுவார். "அந்தக் காலத்து ஆளுக எங்களவிடப் பெரிய போட்டோகிராபருக, டீச்சர்." ஆதிச்சநல்லூரில் 2023 ஆகஸ்டில் திறந்த அருங்காட்சியகத்துக்கும் இரண்டு பேரும் போனோம். தோண்டிய குழிக்கு மேலேயே கண்ணாடி போட்டு, தாழியை இருந்த இடத்திலேயே பார்க்க வைத்திருக்கிறார்கள். கண்ணாடிக்கு மேல் நின்று எடுத்தால் நம் நிழலும் கூரை விளக்கும்தான் விழும் என்று அங்கேதான் கற்றுக்கொண்டேன். போனைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்து எடுத்தால் அந்தப் பிரதிபலிப்பு போய்விடும். பஸ் ஜன்னலுக்கும் இதே வழிதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

2023 டிசம்பர் 17, 18. நம் பக்கத்தில் யாரும் மறக்கமாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. நம் ஊர் ரயில் நிலையத்தில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறக்குறைய 800 பேரோடு நின்றது. வெளியூரில் இருந்த பிள்ளைகள் எல்லாரும் போன் கிடைக்காமல் தவித்தீர்கள். அண்ணாச்சியின் ஸ்டூடியோவில் நெஞ்சளவு தண்ணீர். யாஷிகா கேமரா, என்லார்ஜர், ஸ்டூல், பின்னால் தொங்கும் மலை அருவித் திரை எல்லாம் சேறாகிவிட்டது. நெகட்டிவ் பெட்டிகள் மட்டும் தப்பின. 1992 நவம்பர் வெள்ளத்தில் ஒரு தடவை பாடம் படித்தவர் என்பதால், அப்போதே பெட்டிகளைத் தூக்கிப் பரணில் போட்டிருக்கிறார்.

பொங்கல் கழிந்த வாரம் ஒரு அம்மா என் வீட்டு நடையில் வந்து நின்றார். வாழைத்தோட்டத்தில் இலை அறுக்கும் வேலை பார்ப்பவர். பார்த்ததும் தெரிந்துவிட்டது; என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒரு பையனின் தாயார். பையன் 1995-ல் லாரியில் கிளீனராகப் போன இடத்தில் விபத்தில் இறந்துபோனான்.

"டீச்சர், வெள்ளத்துல செவரு விழுந்துட்டு. அவன் படம் அந்தச் செவத்துலதான் மாட்டியிருந்தேன். ஒண்ணுதான் இருந்துச்சு. நீங்க இஸ்கோல்ல எல்லாரையும் நிக்க வச்சி எடுப்பீயளே, அந்தப் படம் ஒங்ககிட்ட இருக்குமா?"

காப்பி போட்டுக் கொடுத்தேன். "தேடிப் பாக்கேன்க்கா" என்றேன். அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன். தேட வேண்டிய அவசியமே இல்லை. அந்த வருஷத்துப் படம் என் பீரோவில்தான் இருக்கிறது. அதில் அவன் இல்லை என்பது எனக்குத் தெரியும். இல்லாமல் செய்தவளே நான்தான்.

அந்தக் காலத்தில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். பிப்ரவரியில் குரூப் போட்டோ. தலைக்குப் பத்து ரூபாய். வகுப்பாசிரியர் வசூல் பண்ணிப் பட்டியல் கொடுக்க வேண்டும். படம் எடுக்கும் நாளில் நான் வகுப்பில் நின்று, "பணம் குடுத்தவங்க வரிசையா வெளிய வாங்க. குடுக்காதவங்க உள்ளயே இருந்து கணக்குப் போடுங்க" என்று சொல்வேன். ஒரு வருஷம் அல்ல, வருஷா வருஷம். எல்லா வகுப்பிலும் அப்படித்தான் நடந்தது, நானும் அப்படியே செய்தேன். 1989-ல் என் 10-பி பிரிவில் ஆறு பேர் உள்ளே இருந்தார்கள். ஆறு பத்து அறுபது. அந்த மாதம் நான் எடுத்த சேலை அதைவிட விலை அதிகம். நான் போட்டிருக்கலாம் என்ற எண்ணமே அப்போது வரவில்லை என்பதுதான் இன்று என்னை அறுக்கிறது. வந்து, வேண்டாம் என்று தள்ளியிருந்தால்கூட ஒரு கணக்கு.

அண்ணாச்சியிடம் போனேன். அந்தக் குடும்பத்தின் கல்யாணம் காட்சி ஏதாவது எடுத்திருப்பாரா, அதில் அவன் முகம் எங்காவது ஓரத்தில் இருக்குமா என்று கேட்கத்தான் போனேன். அவர் ஸ்டூடியோவைக் காலி பண்ணிக்கொண்டிருந்தார். பரணைக் காட்டி, "எல்லாம் அங்கன கெடக்கு டீச்சர். உறையில நம்பர்தான் போட்டிருக்கேன். நம்பருக்கு வெவரம் எழுதுன பேரேடு வெள்ளத்துல போயிட்டு. குப்பையில போட மனசும் வரல, வச்சிக்கிட எடமும் இல்ல" என்றார்.

பத்தொன்பது தகரப் பெட்டிகள். ஆட்டோவில் ஏற்றி என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

முதல் பெட்டியைத் திறந்ததும் காடி வாடை. உங்களில் வேதியியல் நினைவிருப்பவர்களுக்குப் புரியும்: பழைய பிலிமின் அடிப்பாகம் செல்லுலோஸ் அசிட்டேட். சூட்டிலும் ஈரத்திலும் அது சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளியேறும். பிலிம் சுருங்கும், மேல்பூச்சு சுருக்கம் விழுந்து உரியும். அந்த ஆவி பக்கத்துப் பிலிமையும் கெடுக்கும். அதனால் வாடை வந்த இரண்டு பெட்டிகளைத் தனியே பிரித்து, முதலில் அவற்றைத்தான் முடிக்க வேண்டியிருந்தது. உங்கள் வீட்டிலும் பழைய நெகட்டிவ் இருந்தால் இன்றைக்கே எடுத்து முகர்ந்து பாருங்கள். பிளாஸ்டிக் உறையில் அடைத்து வைக்காதீர்கள். காகித உறையில் போட்டு, காற்றோட்டமான, சூடு இல்லாத இடத்தில் வையுங்கள்.

இப்போது நீங்கள் கேட்ட போன் விஷயம். நான் செய்வதை அப்படியே சொல்கிறேன். இதற்கென்று தனிக் கருவி எதுவும் வாங்கவில்லை.

பேரனின் டேப்லெட்டில் வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, வெளிச்சத்தை முழுக்கக் கூட்டி மேசையில் படுக்கவைப்பேன். நெகட்டிவை நேரே திரை மேல் வைத்தால் திரையின் புள்ளிக் கட்டமும் படத்தில் விழும். அதனால் நான்கு தீப்பெட்டி வைத்து, அதன் மேல் பால் வெள்ளை அக்ரிலிக் துண்டு. கறுப்புச் சார்ட் அட்டையில் 6 சென்டிமீட்டர் சதுரமாக ஜன்னல் வெட்டி, இரண்டு அட்டைக்கு நடுவில் பிலிமை வைத்தால் சுருளாமல் நிற்கும். பக்கத்து வெளிச்சமும் உள்ளே புகாது. அறை விளக்கை அணைத்துவிட வேண்டும். பிலிமின் ஓரத்தை மட்டும்தான் தொட வேண்டும். தூசியை ரப்பர் பந்தால் ஊத வேண்டும்; வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். பிலிமின் பளபளப்பான பக்கம் போனைப் பார்த்து இருக்க வேண்டும். மங்கலான பக்கம் மேலே இருந்தால் இடம் வலம் மாறிவிடும். எனக்கு இதில் தவறே வராது. குரூப் போட்டோவில் முன்னால் சிலேட்டில் வகுப்பு எழுதி வைப்போமே, அந்த எழுத்து நேராக இருந்தால் சரி.

இரண்டு பக்கமும் புத்தகம் அடுக்கி, நடுவே பாலம் மாதிரிப் போனைப் படுக்கவைப்பேன். மேக்ரோ என்று தனி லென்ஸ் பல போன்களில் இருக்கிறது. பெரும்பாலும் அது மட்டமானது. மெயின் கேமராவில் எடுத்து, பிறகு வெட்டிக்கொள்வதே நல்லது. திரையில் நெகட்டிவின் மேல் விரலைக் கொஞ்ச நேரம் அழுத்தினால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். மூன்று வினாடி டைமர் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். ஃபிளாஷ் கூடவே கூடாது. முகத்தை அழகாக்கும் வசதி இருந்தால் அதை முதல் வேலையாக அணைத்துவிடுங்கள். மருவையும் அம்மைத் தழும்பையும் அது துடைத்துவிடும். நமக்கு வேண்டியதே அந்த மருவும் தழும்பும்தான்.

அடுத்தது ஸ்னாப்சீடு. இலவசம், விளம்பரத் தொல்லையும் கிடையாது. அதில் 'கர்வ்ஸ்' என்று ஒரு கருவி. குறுக்கே சாய்ந்த கோடு ஒன்று வரும். இடக்கோடியில் கீழே இருக்கும் புள்ளியை மேலே ஏற்றுங்கள். வலக்கோடியில் மேலே இருக்கும் புள்ளியைக் கீழே இறக்குங்கள். கோடு எதிர்ப்பக்கம் சாயும். கறுப்பு வெள்ளையாகும், வெள்ளை கறுப்பாகும். அவ்வளவுதான், நெகட்டிவ் படமாகிவிட்டது. முதல் தடவை அதைச் செய்தபோது என் உடம்பு சிலிர்த்தது. அண்ணாச்சியின் இருட்டறையில் சிவப்பு விளக்கில், டிரேயில் காகிதத்தை ஆட்ட ஆட்ட முகம் மேலெழும்பி வருமே, அதே சிலிர்ப்பு. பிறகு 'பிளாக் அண்ட் ஒயிட்' போட்டு நிறச்சாயலை நீக்குவேன். 'டியூன் இமேஜில்' நிழலைக் கொஞ்சம் தூக்குவேன். கீறலுக்கு 'ஹீலிங்'. முகத்தில் மட்டும் அதைப் பயன்படுத்தமாட்டேன்.

நெகட்டிவ் இல்லை, காகிதப் படம்தான் இருக்கிறது என்றால் கூகுளின் ஃபோட்டோஸ்கேன் போதும். நாலு மூலையிலும் புள்ளியைத் தொடச் சொல்லும். அப்படிப் பல தடவை எடுத்து ஒன்றாக்குவதால் பளபளப்பு விழாது. வெள்ளத்தில் ஒட்டிக்கொண்ட படங்களைப் பிய்த்துவிடாதீர்கள். சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து, தானாக விடும்போது பிரித்து, முகம் மேலே இருக்கும்படி நிழலில் காயவையுங்கள். அதன் பிறகு போனில் எடுக்கலாம்.

முக்கியமான ஒன்று. மங்கிய முகத்தைத் தெளிவாக்கித் தருகிறோம் என்று இப்போது ஏகப்பட்ட ஆப்கள் வந்திருக்கின்றன. என் அம்மாவின் பழைய படம் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். இமை மயிர்கூட எண்ணிவிடலாம் போல அத்தனை தெளிவாக வந்தது. ஆனால் அது என் அம்மா இல்லை. அம்மாவுக்கு இடது கண் சற்றுச் சின்னது. ஆப் இரண்டு கண்ணையும் ஒன்றுபோல வைத்துவிட்டது. அது தெளிவாக்குவதில்லை, தெரியாததை இட்டு நிரப்புகிறது. மங்கலாக இருந்தாலும் நம் ஆள் நம் ஆளாக இருக்கட்டும்.

இப்படிப் பெட்டி பெட்டியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆறு மாதத்துக்கு மேல் ஆனது. எத்தனை கல்யாணம், எத்தனை மொட்டை, எத்தனை சடங்கு! நம் ஊரில் பாதிப் பேரின் வாழ்க்கை என் சாப்பாட்டு மேசை மேல் கிடந்தது. ஆகஸ்ட் மாதம் ஒரு மத்தியானம், பதிமூன்றாவது பெட்டியில், சிலேட்டில் 10-பி என்று எழுதிய பிலிம் வந்தது.

முதல் கட்டம் எனக்குத் தெரிந்த படம். ஏழு நாற்காலி, ஏழு ஆசிரியர்கள், நான் வலமிருந்து மூன்றாவது, பின்னால் பிள்ளைகள் வரிசை. அடுத்த கட்டமும் அதே போலத்தான் இருந்தது. வழக்கமாகக் கண் மூடிவிட்டால் இருக்கட்டும் என்று இரண்டாவது எடுப்பார்கள், அப்படித்தான் நினைத்தேன். நெகட்டிவில் முகம் கறுப்பாகவும் முடி வெள்ளையாகவும் இருப்பதால் யார் என்று தெரியாது. ஆனால் முன் வரிசையில் சேலை இல்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்த கால்கள் எல்லாம் சின்னக் கால்கள்.

படம் எடுத்து, கோட்டை எதிர்ப்பக்கம் சாய்த்தேன்.

ஆசிரியர்கள் எழுந்துபோன நாற்காலிகளில் அந்த ஆறு பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள். ஏழாவது நாற்காலி காலி. பின்னால் மற்றப் பிள்ளைகள் அப்படியே நிற்கிறார்கள். முதல் கட்டத்தில் எல்லாரும் விறைத்துப்போய் நின்றவர்கள், இரண்டாவதில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார்கள். என் நாற்காலியில் ஒரு பெண் பிள்ளை, கால் தரைக்கு எட்டாமல். தலைமையாசிரியர் நாற்காலியில் அவன், அந்த அம்மாவின் மகன், தலைமையாசிரியர் வைப்பது போலவே இரண்டு முழங்காலிலும் கை வைத்துக்கொண்டு.

அந்த நேரம் நான் எங்கே இருந்தேன்? படம் எடுத்ததும் ஆசிரியர்கள் எல்லாரும் டீ குடிக்கப் போவோம். நானும் போயிருப்பேன்.

மறுநாளே அண்ணாச்சியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். "ஆமா. எடுப்பேன்" என்றார், ஏதோ வெற்றிலை போடுவதைப் பற்றிச் சொல்வது போல. "ரோலுக்குப் பன்னெண்டு. ஸ்கூல்ல எடுத்தது போவ ரெண்டு மூணு மிச்சம் இருக்கும். உள்ள இருக்க புள்ளைக சன்னல் கம்பியப் புடிச்சிக்கிட்டுப் பாத்துக்கிட்டே இருக்கும். எனக்கு வேலயே ஓடாது. நீங்கல்லாம் டீக்குப் போன பெறவு வாங்கலேம்பேன்."

"பிரிண்ட் போட்டுக் குடுக்கலயா அண்ணாச்சி?"

"பேப்பரு காசுல்லா டீச்சர். கேக்காத படத்துக்கு யாரு பேப்பர் போடுவா? அதுகளுக்கு எடுத்ததே போதும்னு ஓடிப்போச்சுவ."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "சொல்லியிருந்தா நீங்க கோவப்பட்டிருப்பீய" என்றார்.

பட்டிருப்பேன். அதுதான் உண்மை.

படத்தில் அவன் முகம் நெகட்டிவில் இரண்டு மில்லிமீட்டர் அகலம். என் போனின் சாதாரண 12 மெகாபிக்சலில் எடுத்தால் அந்த முகத்துக்குக் கிடைப்பது நூறு புள்ளிதான். 50 மெகாபிக்சல் என்ற முழு அளவில் எடுத்தால் ஏறக்குறைய இருநூறு. அதனால் முழு அளவில் எடுத்து, திருநெல்வேலியில் கொடுத்துப் பெரிதாகப் பிரிண்ட் போட்டேன். முதலில் அவன் முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கலாம் என்று நினைத்தேன். அண்ணாச்சி வேண்டாம் என்றுவிட்டார். "சேத்தாளிகளோட இருக்கட்டும். தனியா எதுக்கு?"

அந்த அம்மா வீட்டுக்கு நானே கொண்டுபோனேன். புதிதாகத் தகரக் கூரை போட்டிருந்தார்கள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினார். அழவில்லை. விரலால் ஒவ்வொரு முகமாகத் தொட்டுக்கொண்டே வந்து அவனிடம் நின்றார்.

"இந்தச் சட்டை எங்க அண்ணன் மவனுக்குள்ளது டீச்சர். போட்டோ புடிக்காங்கன்னு கேட்டு வாங்கிப் போட்டுட்டுப் போனான். பெருசா இருக்கு பாருங்க, தோளு எறங்கிக் கெடக்கு."

எனக்குத் தாங்கவில்லை. சொல்லிவிட்டேன். பணம் தரவில்லை என்று உள்ளே உட்காரவைத்தது நான்தான், இந்தப் படத்தை எடுத்தது எனக்குத் தெரியாது, போட்டோக்காரர் எடுத்தது, என்னை மன்னிச்சிருங்கக்கா என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "தெரியும் டீச்சர். அன்னைக்கே வந்து சொன்னான். உள்ள இருக்கச் சொல்லிட்டாங்கன்னான். பெறவு போட்டோக்காரரு கூப்பிட்டு நாற்காலியில ஒக்கார வச்சாருன்னும் சொன்னான். அந்தப் படத்தத்தான் கேட்டு வந்தேன்."

முப்பத்தைந்து வருஷமாக அந்த வீட்டில் இருந்த ஒரு செய்தி அது. எனக்கு மட்டும்தான் தெரியாது.

பிள்ளைகளே, இனிக் காரியத்துக்கு வருகிறேன். பத்தொன்பது பெட்டியையும் முடித்துவிட்டேன். 1979 முதல் 2003 வரை நம் பள்ளிக் குரூப் போட்டோக்கள் அதில் இருக்கின்றன. அவற்றில் பதினான்கு படங்களுக்கு இப்படி இரண்டாவது கட்டம் இருக்கிறது. எல்லாம் என் வகுப்பு அல்ல, மூன்று என்னுடையவை. எதையும் இங்கே பொதுவில் போடப்போவதில்லை. அன்று உள்ளே உட்கார்ந்திருந்ததை ஊருக்குக் காட்ட வேண்டுமா என்பது உங்கள் முடிவு, என் முடிவு அல்ல. எந்த வருஷம், எந்தப் பிரிவு என்று எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்புகிறேன். போட்டோவாக அனுப்பினால் சுருக்கித் தரத்தைக் குறைத்துவிடும். வெள்ளத்தில் ஆல்பம் போனவர்கள் கல்யாணப் படத்துக்கும் கேளுங்கள். நாளும் ஊரும் சொன்னால் தேடிப் பார்க்கலாம். காசு வேண்டாம். அண்ணாச்சிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றினால், சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அணைக்கட்டுப் பக்கம் டீக்கடையில் இருப்போம், வந்து ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். சீனி கம்மி.

உள்ளே இருந்த பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்களில் சிலர் இன்று என்னைவிட வசதியாக இருக்கிறீர்கள் என்று தெரியும். இந்தப் பக்கத்தில் என் ஒவ்வொரு படத்துக்கும் இதயம் போட்டுவிட்டுப் போகிறீர்கள். அந்த ஆறு பேரில் இரண்டு பேர் இதைப் படிப்பீர்கள் என்றும் தெரியும். கணக்குப் போடச் சொன்னேனே, அந்தக் கணக்கில் தப்பு என்னுடையது. உங்கள் பிரிண்ட் என் பீரோவில் உறையில் போட்டு, பெயர் எழுதி இருக்கிறது. ஊருக்கு வரும்போது வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள். முடியாதென்றால் விலாசம் அனுப்புங்கள்.

என் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண் பிள்ளையே, நீ எங்கே இருக்கிறாய் என்று யாருக்கும் தெரியவில்லை. உன்னோடு படித்தவர்கள் யாராவது இதைப் பார்த்தால் அவளிடம் சொல்லுங்கள், டீச்சர் கேட்டேன் என்று.